நிறுத்தி வைத்த செய்திகள்

எனக்கு நீச்சல் தெரியாது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். என் அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஆறு என்பது காலையில் போய்ப் படியில் உட்கார்ந்து, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு திரும்பும் இடம். அதற்கு மேல் ஆற்றிடம் எங்களுக்கு வேலை இருந்ததில்லை.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே இருக்கிறது. படித்துறைக்கு நேர் எதிரே, ஆற்றின் நடுவில், ஒரு கல்மண்டபம். தண்ணீர் குறைந்த மாதங்களில் கரையிலிருந்து வரிசையாகப் போட்ட நடைகற்களை மிதித்து அங்கே போகலாம். தைப்பூசத்துக்குச் சுவாமி அங்கே எழுந்தருளுவார். அப்பாவின் அஸ்தியை அந்த மண்டபத்தின் கீழ்ப்புறத்தில் கரைத்தோம். அதன் பிறகு ஊர்வீட்டைப் பூட்டிவிட்டு நான் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டேன். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. மனைவி சுப்ரியா கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். வீட்டில் அதிகம் சத்தம் கிடையாது.

ஏன் என்று மட்டும் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல, நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம்.

'பொருநை வழி' என்று ஒரு மொபைல் ஆப். செந்தூர்பாண்டி அண்ணாச்சி தொடங்கியது. வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். பாபநாசத்திலிருந்து கடல் வரை ஒவ்வொரு படித்துறைக்கும் மண்டபத்துக்கும் அணைக்கட்டுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். சம்பளம் கிடையாது. வெளியூரிலிருந்து அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள், பள்ளி விடுமுறையில் குளிக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். எங்கள் ஊர் மண்டபத்தின் பக்கத்தை நான் எழுதினேன். ஒரு வருடம் எழுதினேன். தூண்களில் இருக்கும் சிற்பங்கள், தைப்பூசத்தன்று விளக்கு தண்ணீரில் எப்படித் தெரியும் என்பது, எல்லாம். நல்ல பக்கம். இப்போதும் அது நல்ல பக்கம்தான்.

ஆபத்தான இடம் என்று தோன்றினால் யாரும் பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டை ஒன்றைப் போடலாம். அதை எடுக்க வேண்டுமென்றால் போட்டவரிடம் கேட்க வேண்டும். மூன்று முறை கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் எடுத்துவிடலாம். இந்த விதியைக் கொண்டுவந்தவர் அண்ணாச்சி. கோயில் ஏலத்தைப் பார்த்து வைத்தது.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். வாயத் தொறக்கலன்னா முடிஞ்சுது வே. அப்புறம் வந்து அழக் கூடாது," என்றார். எல்லோரும் சிரித்து ஒப்புக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொண்டேன்.

ஆவணி மாதம் பாளையங்கோட்டையில் ஒரு நூலக அறையில் நாங்கள் கூடினோம். பத்துப் பேர் இருப்போம். அன்று எல்லோருக்கும் ஒரே புகார்தான். அறிவிப்புகள். யாராவது ஒரு கமா போட்டால்கூட எல்லோருடைய போனும் அடிக்கும்.

மேலப்பாளையத்திலிருந்து பாத்து என்கிற பெண் வந்திருந்தார். படித்துறைப் படங்களை ஒழுங்குபடுத்துகிறவர். "அடுப்புல சோறு வைக்க முடியல. டிங்கு டிங்குன்னு அடிச்சிட்டே கெடக்கு. எங்க மாமி கேக்காங்க, ஏம்மா, ஒன்னட்ட இத்தன பேரு என்னதான் பேசுதாங்கன்னு. ஆத்தப் பத்திப் பேசுதாங்கன்னு சொன்னா நம்ப மாட்டுக்காங்க."

"ஒங்க மாமியையும் சேத்து விட்டுருவோம்," என்றார் அண்ணாச்சி.

"சேத்து விட்டா உங்க எல்லாரையும் திருத்திப் போட்டுருவாங்க."

பாத்துவுக்கு இன்னொரு புகாரும் இருந்தது. பழைய வாட்ஸப் குழுவிலிருந்து அவருடைய எண்ணை எடுத்து யாரோ கண்டபடி கூப்பிடுகிறார்கள். நான்தான் யோசனை சொன்னேன். குழுவை மூடிவிடுவோம். எண்களைப் பகிர வேண்டாம். எல்லோரும் ஆப்புக்குள்ளேயே பேசுவோம். அறிவிப்பு முறையை நான் எழுதித் தருகிறேன். பாத்து எனக்கு நன்றி சொன்னார். அந்த யோசனை இன்றைக்கும் சரியான யோசனைதான்.

அன்றுதான் முத்துராணியை முதலில் பார்த்தேன். மணிமுத்தாற்றுக்காரர். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல் என்று டாக்டர்களைப் பார்க்க ஸ்கூட்டியில் சுற்றுகிறவர். டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனிலேயே எழுதுவார். இரண்டு வரிதான் எழுதுவார். பேச்சு வழக்கிலேயே எழுதுவார். நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார்.

"ஜெயராம் சார் நீங்கதானா? உங்க மண்டபத்துப் பக்கத்தப் படிச்சேன். படிச்சாலே குளிச்ச மாதிரி இருக்கு சார். அப்புறம் எதுக்கு ஆத்துக்குப் போகணும்?"

பாராட்டா கேலியா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஆனா ஒண்ணு சார். நீங்க கடைசியா எப்பம் அங்கன போனீங்க?"

"அப்பா காலமானபோது."

"அதான பாத்தேன்," என்றார்.

அவ்வளவுதான். அதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

புரட்டாசியில் புதிய முறை தயாரானது. அறிவிப்புகள் ஒன்றாகச் சேர்ந்து காலையிலும் மாலையிலும் மட்டும் வரும். தனிப்பட்ட கேள்வி உடனே வரும். புதிதாகச் சேர்ந்தவர்களின் செய்திகளும், யாரைப் பற்றியாவது புகார் இருந்தால் அவருடைய செய்திகளும், முதலில் ஒரு பொறுப்பாளர் பார்வைக்குப் போகும். அவர் பார்த்துவிட்டு விடுவிப்பார். விடுவிக்கும்வரை அந்தச் செய்தி எழுதியவருக்கு மட்டும் தெரியும். அனுப்பப்பட்டது என்று ஒரு பச்சைக் குறியும் தெரியும். இல்லாவிட்டால் மனம் புண்படுவார்கள் அல்லவா?

விடுவிப்பது வந்த வரிசையில்தான் நடக்கும். ஒருவருடைய முதல் செய்தியை விடாமல் அடுத்ததை விட முடியாது. இது நான் நன்றாக யோசித்து வைத்தது. பொறுப்பாளர் தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்து விட்டுவிடக் கூடாது. முறை என்றால் நேர்மை வேண்டும்.

முதலில் என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள்.

எல்லோருக்கும் நிம்மதி. அண்ணாச்சி போன் செய்தார். "வே ஜெயராம், போனு செத்துப்போச்சோன்னு ரெண்டு தடவ எடுத்துப் பாத்தேன். நல்லா இருக்கு வே. இப்பதான் மனுசன் குடியிருக்க முடியுது."

ஐப்பசியில் முத்துராணி எங்கள் மண்டபத்தின் பக்கத்தில் சிவப்புப் பட்டை போட்டார். கீழே இரண்டு வரி. 'மண்டபத்துப் படியில ஒரு கல்லு சரிஞ்சிருக்கு. மாஞ்சோலைல மழ பேஞ்சா மணிமுத்தாத்துத் தண்ணி இங்கன சொல்லாம வரும், ஏறாதீங்க.'

அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. ஆற்றில் தண்ணீர் குறைவு. நடைகற்கள் வெளியே தெரிந்தன. மார்கழி முதல் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்கு ஆப்பின் முகப்பில் எங்கள் மண்டபத்தைப் போடுவதென்று முன்பே முடிவாகியிருந்தது. ஆப்பைத் திறக்கிற ஒவ்வொருவரும் முதலில் என் பக்கத்தைப் பார்ப்பார்கள். சிவப்புப் பட்டை இருக்கிற பக்கம் முகப்புக்கு வராது.

நீங்கள் இதை அற்பம் என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. நான் கதை எழுதிப் புத்தகம் போட்டவன் இல்லை. பிறந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. நான் எழுதியதில் பிறர் படிக்கும்படி இருந்தது அது ஒன்றுதான்.

முத்துராணியைப் பற்றிப் புகார் ஒன்று தேவைப்பட்டது. அவர் மொழி கரடுமுரடாக இருக்கிறது என்று நானே ஒரு புகார் எழுதினேன். உண்மையான புகார். புகார் விவரம் பொறுப்பாளருக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய செய்திகள் என் பார்வைக்கு வரத் தொடங்கின.

முதல் தரம் கேட்டேன். 'மண்டபத்தின் பக்கத்தில் தாங்கள் இட்டிருக்கும் எச்சரிக்கைக்கு ஆதாரம் உண்டா? புகைப்படம் இல்லாத எச்சரிக்கை செல்லாது.' எல்லோருக்கும் தெரியும்படிதான் கேட்டேன்.

அன்றைக்கே பதில் எழுதிவிட்டார். 'நான் கண்ணால பாத்தேன் சார். பக்கத்து வயக்காட்டுல கேளுங்க, சொல்லுவாங்க.' அது என்னிடம் வந்தது. நான் விடுவிக்கவில்லை. தள்ளவும் இல்லை. நிறுத்தி வைத்தேன். அப்படி ஒரு வசதி அதில் உண்டு.

இரண்டாம் தரம் கேட்டேன். அவர் எழுதினார். 'போன வாரமே எழுதிட்டேனே, பாக்கலியா?' அதையும் நிறுத்தி வைத்தேன். மூன்றாம் தரம் கேட்டபோது கொஞ்சம் நீளமாக எழுதினார். ஒரு டாக்டரின் தம்பி மகன் அந்தக் கல்லில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டதாக இருந்தது. அந்த விவரம் எனக்குப் புதிது.

அண்ணாச்சி கூப்பிட்டார். "என்ன வே, அந்தப் பிள்ள பதிலே சொல்ல மாட்டுக்கு? நல்லா துறுதுறுன்னுல்லா இருந்துச்சு."

"வேலை அதிகமாக இருக்கும் அண்ணாச்சி," என்றேன்.

"வேலைன்னா எல்லாருக்குந்தான் வேல. ஒரு வார்த்த எழுதுனா என்ன? பட்டையப் போட்டுட்டு ஓடிப் போறதுல்லாம் நல்லா இல்ல. எடுத்துரும் வே."

எடுத்தேன். விதிப்படி எடுத்தேன். அண்ணாச்சிதான் எடுக்கச் சொன்னார்.

முத்துராணி மறுபடியும் பட்டையைப் போட்டார். பதிலே சொல்லாமல் மறுபடியும் போடுகிறார் என்று பார்த்தவர்களுக்குக் கோபம். யாரோ ஒருவர் 'மரியாதை தெரியாதவர்' என்று பொதுவில் எழுதினார். அதற்குப் பாத்துவும் ஒப்புதல் குறி போட்டிருந்தார். பட்டை போடும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிடலாம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். அதில் நான் கருத்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த செய்தி, நீங்கள் பாத்துவிடமிருந்து வாங்கிப் படித்த செய்தி. 'ஏன் யாருமே பேச மாட்டுக்கீங்க? நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? எல்லாத்துக்கும் பதில் எழுதிட்டுதான இருக்கேன். பாத்தக்கா, நீங்களுமா?'

படித்தேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது பாத்துவுக்கு எழுதியது. என் பெயர் அதில் இல்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துராணி தனியாக எங்கள் ஊர் மண்டபத்துக்குப் போனார். சரிந்த கல்லைப் படம் எடுக்கத்தான். ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. அர்ச்சகர் நடையைச் சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார். நடுப்பகலில் படித்துறையில் ஆள் இருக்காது. கீழே நல்ல வெயில். மேலே மாஞ்சோலை மலையில் காலையிலிருந்து மழை. மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்தது. அவர் எழுதியபடியே சொல்லாமல்தான் வந்தது.

மறுநாள் கீழே அணைக்கட்டில் உடல் ஒதுங்கியது. மண்டபத்தின் மேல்விதானத்தில், கல் இடுக்கில், அவருடைய தோள்பை இருந்தது. மருந்து மாதிரிகளும் போனும் அதற்குள் நனையாமல் இருந்தன. கடைசியில் மறக்காமல் அங்கே செருகி வைத்திருக்கிறார்.

ஆப்பில் இரங்கல் எழுதினோம். வரைவு என்னுடையது. அண்ணாச்சி படித்துவிட்டு அழுதார். "அந்தப் பிள்ளையப் போயி மரியாத தெரியாததுன்னுட்டோமே வே," என்றார். எல்லோருக்கும் அதுதான் வருத்தம். மார்கழி பிறந்தது. முகப்பில் என் பக்கம் வந்தது. கூச்சமாக இருந்ததால் அண்ணாச்சியிடம் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் நினைவாக இருக்கட்டும் என்றார்.

அப்போதுதான் நினைவூட்டல் தொடங்கியது.

இதுவும் நான் எழுதி வைத்ததுதான். நிறுத்தி வைத்த செய்தியைப் பொறுப்பாளர் மறந்துவிடக் கூடாது. எழுதியவரிடமிருந்து சில வாரம் புதிதாக எதுவும் வராவிட்டால், அதன் பிறகு ஆப் தினமும் காலையில் கேட்கும். முத்துராணியின் சிறிய வட்டப் படம். ஸ்கூட்டிக் கண்ணாடியில் தெரிகிற முகத்தை எடுத்து வைத்திருந்தார். அதன் கீழே: 'முத்துராணி உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.' அந்த வாக்கியமும் என்னுடையது. 'ஒரு செய்தி நிலுவையில் உள்ளது' என்பது வறண்டு இருந்தது. மனிதர்கள் பேசுவது போல இருக்கட்டும் என்று மாற்றினேன்.

விடுவித்தால் நின்றுவிடும். அழித்தாலும் நின்றுவிடும். இரண்டையும் நான் செய்யவில்லை. விடுவிக்க முடியாது, அது உங்களுக்கே தெரியும். அழிப்பது நேர்மையில்லை என்று பட்டது. தினமும் காலையில் அவர் வந்தார். நான் ஒதுக்கினேன். சுப்ரியா ஒருநாள் என் போனை எடுத்துக் கொடுத்தபோது கேட்டாள். "யார் இது? தினமும் இதே நேரத்துக்கு வருகிறாளே. பதில் சொன்னால்தான் என்ன?"

"ஆபீஸ்," என்றேன்.

சில நாட்களில் அவருடைய வட்டப் படத்தின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். முதலில் பார்த்த அன்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோதும் எரிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் எரிந்தது. அந்தப் பக்கம் ஒருவர் எதையோ படித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். கவிழ்த்து வைத்த பிறகும் அது எரிகிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

காரணம் பிறகு தெரிந்தது. அவருடைய அண்ணன் இசக்கிமுருகன் அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டு வைத்துத் தினமும் திறந்து பார்க்கிறார். லாரி ஓட்டுகிறவர். ஆப்பின் செய்தி முறையை எழுதியவன் நான் என்று அண்ணாச்சியிடம் விசாரித்துக்கொண்டு தை மாதம் என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சுப்ரியா காபி கொடுத்தாள். தொடவில்லை.

"சார், எனக்கு இதுல ஒண்ணும் புரியல. நீங்க படிச்சவங்க. பாத்துச் சொல்லுங்க," என்று போனை நீட்டினார்.

முத்துராணியின் பக்கத்திலிருந்து அந்தச் செய்திகளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொன்றின் கீழும் பச்சைக் குறி இருந்தது. அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது. கீழே போகப் போக, அந்த ஞாயிற்றுக்கிழமை.

"பாருங்க சார். தண்ணி வருது, யாராவது வாங்கன்னு போட்டிருக்கா. எனக்கும் வாட்ஸப்ல போட்டிருக்கா சார். நான் கயத்தாறு பக்கம் வண்டி ஓட்டிட்டு வந்தேன். பாக்கல. சாயங்காலம்தான் பாத்தேன்." திரையை இன்னும் கீழே தள்ளினார். "அங்கன நின்னு கூப்பிட்டா போகாது சார். மெசேஜ் மட்டும் எப்பமாவது போகும். பொறவு இந்தா, இங்கன ஒரு பதில் வந்திருக்கு. பொறுப்பாளர்னு பேரு போட்டிருக்கு. படத்த அனுப்புங்கன்னு. அவளும் அனுப்பியிருக்கா சார்."

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மண்டபத்தின் தளத்தில் தண்ணீர். செந்நிறத் தண்ணீர். ஒரு தூண். தூணைப் பிடித்திருக்கிற கை. வளையல் போடாத கை. படம் ஆடாமல், தெளிவாக இருந்தது.

"யாரு சார் இந்தப் பொறுப்பாளர்? இது மெஷினா, மனுசனா?"

அவர் கேட்ட விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோபமே இல்லை. ஏதோ ஒரு பதிலைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"மெஷின்தான்," என்றேன். "எல்லோருக்கும் தானாகவே அப்படி ஒரு பதில் போகும்."

அவர் உடம்பு தளர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப சரி சார்," என்றார். "மனுசன்னா என்னால தாங்கியிருக்க முடியாது. மெஷினுக்கு என்ன தெரியும், பாவம். நான் பாக்கல, நீங்க பாக்கல, ஒருத்தரும் பாக்கல. அவ நேரம் அப்படி."

ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு போனார். அவருக்கு நான் கொடுத்த ஆறுதலைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டும்.

பாத்து உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மாசி மாதம் கம்பெனி என்னைப் பெங்களூருக்கு வரச் சொன்னது. நான் இல்லாதபோது யாரும் காத்திருக்கக் கூடாது என்று, இரண்டாவது பொறுப்பாளராகப் பாத்துவின் பெயரைச் சொன்னவன் நானே. அவரைப் பொறுப்பாளராக்கினால் பழைய நினைவூட்டல்களும் அவருக்குப் போகும் என்பதை மறந்துவிட்டேன். மறந்தேனா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் காலையிலேயே கூப்பிட்டார். "ஜெயராம் சார், மௌத்தாப்போன புள்ளகிட்டேர்ந்து எனக்கு மெசேஜ் வருது. எனக்காகக் காத்திருக்கான்னு வருது. என்ன சார் இது?"

"திறக்காதீர்கள். நான் வந்து பார்க்கிறேன்," என்றேன்.

"தொறந்துட்டேன் சார்."

அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா சார். பாத்தக்கா நீங்களுமான்னு கேட்டிருக்கா. நான் அன்னைக்கு அவ மரியாத இல்லாதவன்னதுக்குக் குறி போட்டேன். நீங்க எல்லாத்தயும் வச்சுக்கிட்டு, நான் குறி போடுறதயும் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க." பிறகு, "நீங்க நல்லவர்னுதான எங்க வீட்டுல எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன்," என்றார். அதோடு வைத்துவிட்டார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

நான் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருந்தேன். போன் அடித்தது. என் பார்வைக்கு வருகிற செய்திகள் மட்டும் சேர்ந்து வராது, உடனே வரும். 'மண்டபத்துல நிக்கேன் சார். சரிஞ்ச கல்லப் படம் எடுத்துட்டேன். இனிமயாவது நம்புவீங்களா?' அதை வழக்கம் போல நிறுத்தி வைத்தேன். சற்று நேரத்தில் அடுத்தது. 'தண்ணி கலங்கி வருது.' அதன் பிறகு, 'நடைகல்லு முங்கிட்டு. கரைக்கு வர முடியல. கூப்பிட்டா போக மாட்டுக்கு. யாராவது ஊர்ல ஆள்ட்ட சொல்லுங்க.'

நாடகமாடுகிறார் என்று நினைத்தேன் என உங்களிடம் சொல்லலாமா என்று வரும் வழியில் யோசித்தேன். அப்படி நினைக்கவில்லை. அந்த மண்டபத்தில் தண்ணீர் எப்படி ஏறும் என்பதை என் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். அவர் எழுதியது உண்மை என்று படித்த உடனே தெரிந்தது.

அர்ச்சகரின் எண் என்னிடம் இருக்கிறது. அவர் வீடு படித்துறைக்கு இரண்டு வீடு தள்ளி. அக்கரை வாழைத் தோட்டத்தில் எப்போதும் ஆள் உண்டு, கயிறு உண்டு. ஒரு போன் போதும்.

செய்தியை எல்லோருக்கும் விடுவித்திருக்கலாம். பட்டனில் விரலை வைத்தேன். ஆனால் வரிசை இருக்கிறது. இதை விட வேண்டுமென்றால் இதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் விட வேண்டும். முதல் பதில், இரண்டாம் பதில், மூன்றாம் பதில், பாத்தக்கா நீங்களுமா. எல்லாம் எல்லோருடைய போனிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் விழும். அண்ணாச்சி படிப்பார்.

சரி, அர்ச்சகரை மட்டும் கூப்பிடலாம். எண்ணை எடுத்தேன். கூப்பிட்டால் முத்துராணி பிழைத்துவிடுவார். பிழைத்தவர் கரைக்கு வந்து முதலில் கேட்பார், என் செய்தி உங்களுக்குத் தெரிந்ததென்றால் மற்றச் செய்திகளும் தெரிந்ததுதானே என்று. இவ்வளவு தெளிவாக அப்போது யோசித்தேனா என்று கேட்டால், ஆமாம். இவ்வளவு தெளிவாகத்தான் யோசித்தேன். எண்ணை மூடினேன்.

ஆனால் ஒருவர் எழுதும்போது பதில் சொல்லாமல் இருப்பது சரியில்லை. அது என் பழக்கமும் இல்லை. அதனால் எழுதினேன். இசக்கிமுருகனிடம் சொன்னது போலத் தானாகப் போகும் பதில் ஒன்று உண்மையிலேயே உண்டு. 'தங்கள் செய்தி பெறப்பட்டது' என்று மட்டும் இருக்கும். அவர் எனக்குக் காட்டியது அது அல்ல. அது நான் கையால் தட்டியது. முதலில் 'புகைப்படம் இணைக்கவும்' என்று மட்டும் தட்டினேன். படித்துப் பார்த்தபோது கட்டளை போல இருந்தது. முன்னால் 'தயவுசெய்து' என்று சேர்த்து அனுப்பினேன்.

யாருக்கும் நான் மரியாதைக் குறைவாக எழுதியதில்லை, மேடம்.